ராத்தா வாய் திறக்காத காரணம்

வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். அங்கே எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ரேடியோ. கண் விழித்தது முதல் கண் மூடும்வரை வாய் ஓயாது. அப்படிப்பட்டவளை உளவளத்துணைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொன்னபோது என் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடுத்தவங்க பேசுறதக் கேக்குற வேலையா? ஒனக்கா? பாலுக்குப் பூனையக் காவல் வச்ச மாதிரித்தான் போ" என்றாள்.

பயிற்சி முடித்துக் களத்துக்குப் போகப்போகிறீர்கள், உங்களுக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பாடத்தைச் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவரை அடையாளம் காணமுடியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன், பெயரும் சொல்லமாட்டேன். அந்த வீட்டில் இளையவர்கள் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள், வீட்டுக்கு மூத்த பெண். நானும் அப்படியே சொல்கிறேன். ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆனபிறகும் அவரை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

கண்டியில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் வகுப்பு நடந்தது. கீழே பஸ் நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுவது மேலே கேட்கும். இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டு, ஒருவரைத் துயரம் சொல்பவராகவும் மற்றவரைக் கேட்பவராகவும் இருக்கச் சொல்வார்கள். என் முறை வந்தால், எதிரே இருப்பவர் பாதி சொல்லும்போதே நான் தீர்வை அவர் கையில் கொடுத்துவிடுவேன். எங்களுக்குப் பயிற்சி தந்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், கோபமே வராது. "பிள்ளை, நீர் அவவுக்கு வழி காட்ட வரேல்லை. அவ தன்ர வழியைத் தேடேக்குள்ள பக்கத்தில இருக்க வந்தனீர்" என்பார். சரி மிஸ் என்று தலையாட்டிவிட்டு, ஒரு மனுஷி அழுதுகொண்டு வந்தால் வழி சொல்லாமல் சும்மா குந்திக்கொண்டு இருக்கவா நான் பஸ் பிடித்து வருகிறேன் என்று மனசுக்குள் முனகுவேன்.

களப்பயிற்சி தொடங்கிய காலத்தில் ஒரு நாள் காலை அலவத்துகொடவிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். தலையில் தொப்பி, கையில் குடை, கதிரையில் உட்காரவே மனமில்லாத அவசரம்.

"எங்கட ராத்தா பேசுறல்ல மிஸ்" என்றார். "மச்சான் மவுத்தானதுல இருந்து ஒரு வார்த்த இல்ல. தொழுவுறா, கொஞ்சம் சாப்பிடுறா, மகளக் குளிப்பாட்டுறா. வாய மட்டும் தொறக்கிறல்ல. டொக்டர் வந்து பாத்திட்டு ஒடம்புல ஒரு கொறையும் இல்லண்டு செல்லிட்டாரு. ஓதின தண்ணியும் குடுத்தாச்சு."

ராத்தாவின் கணவர் நெஞ்சுவலி வந்து திடீரென்று இறந்திருந்தார். ராத்தா தாய் வீட்டுக்கு வந்து இத்தா இருந்தார். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு தனித்திருக்கும் காலம் அது. அது முடிந்ததும் மாமனார் வருவதாக இருந்தது. பேசாத தாயிடம் பெண் பிள்ளையை எப்படி விடுவது, எங்களோடு அனுப்புங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். பிள்ளைக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை.

"அவரு கெட்ட மனிசன் இல்ல மிஸ்" என்றார் தம்பி. "ஆனா அண்டைக்கு ராத்தா வாய் தொறந்து ஏதாவது செல்லோணும். செல்லாட்டி புள்ள போயிரும். புள்ள போனா ராத்தாவும் போயிருவா."

எங்கள் வகுப்பில் அதே ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், ஹம்ஸியா. மிஸ் அவளைத்தான் பார்த்தார். தம்பி பதறிவிட்டார். "ஊர்ப் புள்ள வேணாம் மிஸ். எங்கட ஊர்ல ஒரு வீட்டுல தும்மினா மத்த வீட்டுல ஓதுவாங்க. வேற ஆள் தாங்க." ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அப்படித்தான் அந்த வேலை ரேடியோவிடம் வந்து சேர்ந்தது.

ஹம்ஸியா என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொள். கண்ணாடி வளையலைக் கழற்றிவிட்டுப் போ, சத்தம் போடும். எங்கள் தோட்டத்தில் சாவு வீட்டுக்குப் போனால் பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். "கட்டிப்புடிச்சிட்டு ஒங்கட பாட்டத் தொடங்கிராதீங்க தாயே. எங்கட வீடுகள்ல சத்தம் போட்டு அழுவுறல்ல. அந்த மனிசி பயந்து போவா" என்றாள். சிரித்தாலும், அவள் சொன்னது எனக்குப் பெரிய உதவி. ஏனென்றால் நான் மனசுக்குள் அதைத்தான் தயார் செய்து வைத்திருந்தேன். பாவம், துக்கத்தை அடக்கிவைத்திருக்கிறாள், அழவைத்துவிட்டால் பேசிவிடுவாள் என்பது என் கணக்கு.

முதல் நாள் போனபோது அறையில் ராத்தாவைத் தவிர உம்மா, சின்னம்மா முறையான சாச்சி, மாமி, பக்கத்து வீட்டுப் பெண் எல்லோரும் இருந்தார்கள். ராத்தா வெள்ளை உடுத்திக் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். நான் எது கேட்டாலும் பதில் மற்றவர்களிடமிருந்து வந்தது. தூக்கம் எப்படி என்றால் உம்மா சொன்னார். பசி எப்படி என்றால் சாச்சி சொன்னார். ராத்தாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். எங்கள் புத்தகத்தில், துணை நாடி வந்தவரைத் தனியே சந்திக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த உம்மாவை எழுந்து வெளியே போங்கள் என்று சொல்லும் தைரியம் புத்தகம் எழுதியவருக்கே இருந்திருக்காது.

அப்போது பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பெண்கள் எழுந்து போனார்கள். ராத்தா அதே அறையில் முசல்லாவை விரித்துத் தொழுதார். முடித்த பிறகும் எழவில்லை. விரல்களில் தஸ்பீஹ் மணிகள் உருள, அந்தப் பாயிலேயே நெடுநேரம் இருந்தார். உம்மா வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். முசல்லாவில் இருப்பவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்த ஒரு பாயின் அளவுதான் ராத்தாவுக்கென்று இருந்த இடம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொஞ்சம் தள்ளிச் சுவரோடு தரையில் உட்கார்ந்தேன். கூப்பிடக்கூடாதென்றால் நானும்தான் கூப்பிடக்கூடாது. ரேடியோ வாயை மூடிக்கொண்டது.

அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும், வாரத்துக்கு ஒரு நாள், அஸர் நேரத்துக்கே போனேன். தொழுகை முடியும், அவர் பாயில் இருப்பார், நான் சுவரோடு இருப்பேன். அந்தப் பேசாமை எனக்கு முதலில் நரகமாக இருந்தது. பிறகு மெல்ல மெல்லக் கண் திறந்தது. அவருடைய மகள் ஓடிவந்து மடியில் விழுவாள். அவர் அவள் தலையைக் கோதுவதிலேயே ஒரு பேச்சு இருந்தது. பிள்ளை கேட்பாள், தாய் விரலால் கன்னத்தைத் தட்டுவார், பிள்ளைக்குப் பதில் கிடைத்துவிடும். அந்த மனுஷியிடம் உடைந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் தோன்றியது. என்ன என்றுதான் விளங்கவில்லை.

வாசலில் தம்பி ஒவ்வொரு முறையும் காத்திருப்பார். "பேசினாவா?" என்பார். உள்ளே நடந்ததை நான் வெளியே சொல்லக்கூடாது; பேசவில்லை என்பதைக்கூடச் சொல்லக்கூடாது. "தம்பி, அத ராத்தாகிட்டதான் கேக்கணும்" என்பேன். அவர் முகம் சுண்டிப்போகும். அவருக்கு நான் சும்மா வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவளாகத்தான் தெரிந்திருப்பேன். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

உம்மா அறைக்குள் வரும்போதெல்லாம் ஆறுதலாக ஒன்று சொல்வார். "இன்னும் கொஞ்ச நாள்தான் மகள். முடிஞ்சிரும். வெளிய வரலாம்." நானும் அதையே சொல்ல நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அடைந்து கிடக்கிற பெண்ணுக்குக் கதவு திறக்கப்போகிறது என்பதைவிட நல்ல செய்தி என்ன இருக்கமுடியும்? ஆனால் ஒரு நாள் கவனித்தேன். உம்மா அதைச் சொன்னதும் ராத்தா கையை நீட்டி ஜன்னல் திரையை இழுத்து மூடினார். வெயில் எதுவும் இல்லை. அடுத்த கிழமையும் உம்மா சொன்னார், ராத்தா மூடினார்.

உம்மா போனபிறகு, முசல்லாவை மடித்துவைத்துவிட்டு அவர் கட்டிலில் வந்து உட்காரும்வரை பொறுத்தேன். பிறகு, கண்டதை மட்டும் சொன்னேன்.

"ராத்தா, உம்மா கொஞ்ச நாள்தான்னு சொல்றப்பல்லாம் நீங்க திரைய மூடுறீங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. சேர்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெளியே மழை பிடித்துத் தகரக் கூரையில் கொட்டத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குள் ராத்தாவின் குரல் வந்தது. கரகரப்பாக, தூசு படிந்த மாதிரி.

"இது முடிஞ்சா எல்லாரும் கேப்பாங்க."

மழைச் சத்தத்தில் கேட்பதற்காக நான் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்தேன்.

"இப்ப ஒருத்தரும் எங்கிட்ட ஒண்டும் கேக்க ஏலா. இத்தா இருக்கிறவ. அது முடிஞ்சா கேப்பாங்க. எனக்கு ஒரு வார்த்ததான் தெரியும் தங்கச்சி. வாப்பா கேட்டா சரிண்டு செல்லுவேன். கலியாணத்துக்கும் சரி. மாமா ஊட்டுல எத்தின பேருக்குச் சமைக்கச் சென்னாலும் சரி. ஆரு எத கேட்டாலும் நெனக்கிறதுக்கு முந்தி வாயில சரிண்டு வந்திரும். அவரு மவுத்தான அண்டு மாமா அழுதுகொண்டு கேட்டாரு, 'புள்ளய நாங்க வளக்கிறம் மகள்'ண்டு. எனக்கு வாய்க்குள்ள அந்த வார்த்த வந்திட்டு. பல்லக் கடிச்சி அமுக்கினேன். அண்டைக்கு மூடின வாய்தான்."

அவர் என்னைப் பார்த்தார். "தொறந்தா அதுதான் வெளிய வரும். அதான் தொறக்கல்ல."

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பைத்தியம், ஜின், அதிர்ச்சி, அடக்கிய துக்கம் என்று நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தோம். அந்த மனுஷி தன் பிள்ளையைத் தன் வாயிடமிருந்தே காப்பாற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் சிறை என்று நினைத்து இரக்கப்பட்ட அறைக்குள்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் யாரும் எதையும் கேட்காமல் விட்டிருந்தார்கள். அதைத் திறந்துவிடத்தான் நாங்கள் எல்லோரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

மாமாவிடம் முடியாது என்று சொல்லுங்கள், அவ்வளவுதானே என்று எனக்கு வாய் வரை வந்தது. நான் சொல்லியிருந்தால் அதற்கும் அவர் சரி என்றிருப்பார். "நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டேன். "நீங்க எங்கிட்ட எதையாவது கேளுங்க" என்றார். "நான் ஏலாண்டு செல்லிப் பாக்கிறேன்."

ஏலா, முடியாது என்று சொல்லிப் பழகும் அந்தப் பயிற்சி எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. நான் தேத்தண்ணி தாருங்கள் என்றேன். அவர் எழுந்தே விட்டார்! பிறகு நினைவு வந்து உட்கார்ந்து, "ஏலா" என்றார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையைக் கேட்டேன், ஏலா. தஸ்பீஹைக் கேட்டேன், கொஞ்சம் தயங்கி, ஏலா. "இப்ப மகளக் கேளுங்க" என்று அவரே சொன்னார்.

கேட்டேன். ராத்தாவின் உதடு துடித்தது. "சரி" என்று வந்தது.

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த சந்திப்புக்கு நாள் இருக்கவில்லை. மாமனார் வரும் அன்று நானும் வரட்டுமா என்று கேட்டேன். வரலாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

நேரே மிஸ்ஸிடம் ஓடினேன். என்ன செய்வது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது, அன்றைக்கு அவருக்குப் பதில் நான் பேசலாமா என்று கொட்டித் தீர்த்தேன்.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றார். பயிற்சி தந்தவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "உண்மையாத்தான் சொல்லுறன். ஆனா நீர் அவவுக்காகப் பேசினா, இதுவரைக்கும் அவவுக்காகப் பேசின ஆக்களோட நீரும் ஒராள். பேசாட்டி பிள்ளை போகக்கூடும். ரெண்டும் தெரிஞ்சுகொண்டு போம்."

அந்த நாள் வந்தது. வீட்டு விறாந்தையில் ஆண்கள், அறை வாசலில் பெண்கள். நாவலப்பிட்டியிலிருந்து வந்த மாமனார் நடுவறையில் கதிரையில் இருந்தார். தோள் துண்டும் வெள்ளைத் தாடியுமாக மெலிந்த மனிதர். பெற்ற மகனைப் புதைத்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ராத்தா எதிரே மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைத் திருகி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"மகள்," என்றார் மாமனார் மெதுவாக. "நீங்க சுகமாகிற வரைக்கும் புள்ளய நாங்க வச்சிக்கொள்றம். சரிதானே?"

பாருங்கள், அவர் கேட்ட கேள்வியிலேயே அந்த வார்த்தை இருந்தது. ராத்தா பேசவில்லை. தம்பி என் பக்கமாக வந்து, "மிஸ், செல்லுங்க மிஸ். ராத்தாக்குப் பைத்தியம் இல்லண்டு நீங்க செல்லுங்க. படிச்சவங்க சென்னா கேப்பாரு" என்றார். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குத் தெரியும், நான் பேசினால் மாமனார் கேட்பார். ஒரு வாக்கியம் போதும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், நான் வாயால் பிழைத்தவள். என் வாழ்க்கையில் அவ்வளவு அவசியமாக எனக்குப் பேச்சு வந்ததில்லை.

ராத்தாவைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மிகக் கொஞ்சமாக, இல்லை என்று அசைத்தார். நான் தம்பியிடம், "ராத்தாவே இருக்காங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன். தம்பி என்னை வெறுப்போடு பார்த்தார்.

மாமனார் பெருமூச்சு விட்டு எழுந்தார். பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினார். பிள்ளையும் தன் தாத்தா, உப்பப்பாதானே என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு போனாள். ராத்தாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது, மூடியது. என் காதில் அந்த 'ச' கேட்டே விட்டது என்று நினைத்தேன்.

"ஏலா மாமா."

பிள்ளை திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"புள்ளயத் தர ஏலா." இந்த முறை சத்தமாகவே வந்தது. முகமெல்லாம் வேர்த்திருந்தது, ஆனால் கண்ணை எடுக்காமல் சொன்னார். "நீங்க எப்பவும் வாங்க, பாருங்க. தர ஏலா."

மாமனார் நீட்டிய கையோடு நின்றார். எனக்கு அவர் கோபப்படப்போகிறார் என்று பயம். அவர் அப்படியே கதிரையில் சரிந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"பேசுறீங்க மகள்," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "அல்லாட காவல். பேசுறீங்க. எண்ட மவனும் போய், நீங்களும் போயிட்டீங்கண்டு நெனச்சேன். புள்ளக்கி ஆருமே இல்லண்டுதானே திரும்பவும் கேட்டேன்."

அந்த மனிதரும் தன் பேரப்பிள்ளையைக் காப்பாற்றத்தான் வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே பிள்ளையை ஒருவரிடமிருந்து ஒருவர் காத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறார்கள். அவர் பிள்ளையை முத்தமிட்டுத் தாயின் மடியில் திரும்ப வைத்தார். உம்மா உள்ளே ஓடினார், எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. தம்பி என் பக்கமே பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க என்ன செஞ்சீங்க மிஸ்?" என்று சாச்சி என்னிடம் ரகசியமாகக் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன். பின்னாளில் நான் எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஒரு மனுஷி தன்னைத் தானே வென்று எழுவதை அவ்வளவு கிட்ட நின்று பார்க்கும் பாக்கியம் அன்றைக்குத்தான் முதலில் கிடைத்தது.

புறப்படும்போது ராத்தா வாசல்வரை வந்தார். இத்தா முடிந்தபின் அவர் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பழக்கத்தில் நான் கேட்டேன்:

"அடுத்த கிழமையும் வரட்டுமா ராத்தா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் வருத்தப்படுவேனோ என்று அவர் கண்ணில் ஒரு தயக்கம் ஓடியது, போய்விட்டது.

"வேணாம் தங்கச்சி" என்றார்.

அலவத்துகொட சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குச் சந்தோஷத்தில் அழுகை அழுகையாக வந்தது. பக்கத்தில் நின்ற பெண் என்ன துக்கமோ என்று என் தோளைத் தொட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். பாவம், அவர் என்ன நினைத்தாரோ, வேறு ஒன்று கிடைக்கும் மகள் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.